தீராநோயும் நம் கடமையும்

மானுடப்பிறவி பெறுதற்கரியது, அப்பிறவியிற் பெற்ற சரீரமோ நிலையாதது. இவ்விரண்டனையும் மாணாக்கர்க்கு நாடோறும் போதிக்கும் சைவாசிரியர்களாகிய நாம், தீராநோயுற்றார்பாற் செய்யுங் கடன் யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நோய்களுட் சில மருந்தால் நீங்குவன. சில நீங்காது வளர்வன. பின்னவற்றுள் ஒன்று இயக்க நரம்பணு நோய். இதன் இயல்பைப் பிரான்சு தேசத்து வைத்தியராகிய சார்க்கோ என்பவர் 1869 ஆம் ஆண்டளவில் விளக்கினார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிய, கை சோரும், கால் தளரும், நாக்குழறும், விழுங்குதல் அரிதாகும், ஈற்றில் மூச்சை நடாத்துந் தசைகளும் ஓயும். கண்ணோ பெரும்பாலும் அசையும், செவி கேட்கும். சிலர்க்கு அறிவும் குணமும் வேறுபடுமாயினும், பலர்க்கு அறிவு தெளிந்தே நிற்கும். ரிலுசோல் என்னும் மருந்து ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுமன்றி நோயை வேரறுக்காது.

நோயை நீக்கலாகாதெனின், செய்யத்தக்கது யாதுமில்லையோ? உண்டு. தாதியாயிருந்து பின்னர் வைத்தியராகிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் செயின்ற் கிறிஸ்ரோபர் பராமரிப்பு நிலையத்தைத் திறந்தார். உடல்நோவு, மனநோவு, குடும்பத்துயர், ஆன்மவேதனை என்னும் நான்கையும் ஒருங்கே தணித்தல் வேண்டுமென்பது அவர் கொள்கை. அவர் கிறிஸ்தவராயினும், நன்று எங்குளதாயினும் கொள்ளற்பாலதன்றோ?

இந்நோய்தணிப்புப் பராமரிப்பு இறுதிநாளிற் செய்வதொன்றன்று. நோய் இன்னதென அறிந்த அன்றே தொடங்கற்பாலது. மூச்சுத்திணறலுக்கு இரவில் முகமூடிவழிக் காற்றூட்டுங் கருவியும், வைத்தியர் அளந்து கொடுக்கும் சிற்றளவு மோர்பீனும் உதவும். விழுங்கலாகாதார்க்கு இரைப்பையிற் குழாய் வைத்து உணவூட்டலாம். இவற்றுள் எவை வேண்டும், எவை வேண்டா என்பதை, வாக்கு உள்ளபொழுதே நோயாளரைக் கேட்டறிதல் வேண்டும். அவரை வினவாது பிறர் துணிதல் தகாது.

இனி, "அஃது அவர் செய்த வினை; நாம் என் செய்வேம்?" என்பாரும் உளர். பிராரத்தம் நுகர்ந்தே தீரற்பாலது என்பது உண்மையே. ஆயினும், எவ்வினை எவர்க்கு எவ்வாறு வந்ததென அறிபவன் இறைவனொருவனே. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பாராமைக்கு உரியதன்று. நோயுற்றாரைக் கைவிடுதல் நமக்கு ஆகாமியமாய் ஏறுமென்பதை மறவாதொழிக. சூலைநோயால் வருந்தித் தம்பால் வந்த தம்பியாரைத் திலகவதியார், "பரசமயம் புக்கதன் பயன்" என்று தள்ளினாரல்லர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். அவ்வம்மையாரைப் போற்றும் நாம் அவர் செய்கையையும் போற்றல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்குச் சிறப்பாக உரிய பணியொன்றுளது. பேச்சிழந்தார்க்கு எழுத்தட்டை செய்து கொடுத்தலே அது. தமிழெழுத்து 247 எனினும், முதலெழுத்து 30 ஏயாம். மெய் 18 ஐ ஒரு பாலும் உயிர் 12 ஐ ஒரு பாலும் எழுதி, ஒவ்வொன்றாக விரலாற் சுட்டுக. வேண்டிய எழுத்து வருங்கால் நோயாளர் கண்ணிமைப்பர். மெய்யும் உயிருங் கூட உயிர்மெய் பிறக்கும். எழுத்துக் கூடச் சொல் பிறக்கும். "தாகம்" என்பதையேனும், "அஞ்சுகின்றேன்" என்பதையேனும், மகன் பெயரையேனும் அவர் சொல்லிமுடிக்குங்காறும் பொறுத்திருத்தலே தொண்டாம். மெய் தளர்ந்தவிடத்தும் உயிர் உரையாட வேண்டி நிற்பதை ஆண்டுக் கண்கூடாகக் காணலாம்.

அன்றியும், அந்நோயாளரின் பிள்ளை நம் வகுப்பிலிருப்பின், "உன் தந்தை பாவி" என ஒருவரும் கூறாவண்ணங் காத்தல் வேண்டும். இரவும் பகலும் பணிசெய்து இளைக்கும் மனையாளை ஒருபொழுதேனும் உறங்கவிட்டு, நாம் அருகிருத்தல் வேண்டும். வேதம் ஓதுவிப்பார் செய்கையாலும் ஓதுவித்தல் முறையன்றோ?

நோய் தீராதொழியினும் தனிமை தீர்க்கலாகும். அது செய்தற்குத் திருவருள் துணைநிற்பதாக.

சிவம்.