நகராத கோப்பு

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் யாரும் அதற்கு நல்ல காரணம் தேடுவதில்லை. மேசைக்காரர் எதையோ எதிர்பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் அந்தச் சந்தேகம் பொய்ப்பதும் இல்லை. 1960 செப்டம்பரில் வாஷிங்டனில் ஒரு மேசைக்கு வந்து, ஒன்றரை ஆண்டு அங்கேயே கிடந்த கோப்பின் கதை வேறு.

மேசை ஃபிரான்சஸ் கெல்சியுடையது. கனடாவில் பிறந்தவர், மருந்தியலில் முனைவர், மருத்துவரும்கூட. அப்போது வயது 46. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதியவர் வேலை பழகட்டும் என்று சுலபமான விண்ணப்பமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை அது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் மருத்துவர் சீட்டே இல்லாமல் விற்றது. கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு வந்தது மெரில் என்ற நிறுவனம்.

அன்றைய சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் நிர்வாகம் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். ஆக, பேசாமல் இருந்தால் பழி வராது என்று கெல்சி ஒதுங்க முடியாது. பேசாமல் இருப்பதே கையெழுத்துதான். கோப்பை நிறுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு கெடுவும் முடியும் முன் உட்கார்ந்து, எது போதவில்லை, ஏன் போதவில்லை, இன்னும் என்ன சான்று வேண்டும் என்று எழுதி அனுப்பியாக வேண்டும். நிறுவனம் கூடுதல் தாள்களைக் கொடுத்ததும் மறுபடி முதல் நாளிலிருந்து 60. லஞ்சத்துக்காகக் கிடக்கும் கோப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கடிதங்களில் இருக்கிறது. முன்னதில் காரணத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

என்ன போதவில்லை? மருத்துவர்களின் அறிக்கைகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. ஆனால் அவை ஆய்வுகள் அல்ல, நற்சான்றிதழ்கள். கெல்சி முன்பு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். யாருடைய கட்டுரையை நம்பக் கூடாது என்று அங்கே தெரிந்துகொண்டிருந்தார். அந்தப் பெயர்களில் சில இங்கேயும் தலைகாட்டின. உடன் பரிசீலித்த மருந்தியலாளர் ஜிரோ ஒயாமாவும் வேதியியலாளர் லீ கைஸ்மரும் தத்தம் பகுதிகளில் ஓட்டைகளைக் கண்டார்கள்.

நிறுவனத்துக்கோ அவசரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் தூக்க மாத்திரை நன்றாக விற்குமாம்! தொலைபேசி, கடிதம், நேரில் வருகை என்று நெருக்கடி தொடர்ந்தது. இவர் அற்ப விஷயத்தில் தொங்குகிறார் என்று மேலதிகாரிகளிடம் புகாரும் போயிற்று. மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். நேர்மையான ஊழியர் கதைகளில் இந்தப் பாத்திரத்தை நாம் மறந்துவிடுகிறோம். மேலிருப்பவர் கைவிட்டிருந்தால், அந்த மேசைக்கு ஒரே வாரத்தில் வேறு ஆள் வந்திருப்பார்.

1961 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருந்த ஒரு கடிதம் கெல்சியின் கண்ணில் பட்டது. இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கை, கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகின்றன என்று அதில் ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். போர்க்காலத்தில் மலேரியா மருந்து ஆராய்ச்சிக்காக முயல்களில் குயினைனைச் சோதித்தவர் கெல்சி. தாய் முயலின் உடல் சிதைத்துவிடும் மருந்தைக் குட்டிக் கருவால் சிதைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் நரம்பைத் தொடும் மருந்து வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும்? தீங்கில்லை என்பதற்குச் சான்று கேட்டார். நிறுவனத்திடம் அது இல்லை.

அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1937-ல் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தித்திப்பான நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதில் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். நச்சு எதுவென்று கண்டறிந்த சிகாகோ பல்கலைக்கழகச் சோதனைகளில் மாணவியாக இருந்து உதவியவர் கெல்சி. (அந்த இடமே அவருக்குக் கிடைத்தது, பெயரைப் பார்த்துப் பேராசிரியர் ஆண் என்று நினைத்துக் கடிதம் எழுதியதால்தான்.) அதே திரவம் 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தில் இருந்தது. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மூலப்பொருள் வரும்போது ஒரு சோதனை, மருந்து வெளியே போகும் முன் ஒரு சோதனை என்று விதி இருக்கிறது. இரண்டு தாளிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

1961 நவம்பரில் ஜெர்மனியில் உண்மை வெடித்தது. கை, கால் வளராமல் பிறந்த குழந்தைகளுக்கும் தாலிடோமைடுக்கும் உள்ள தொடர்பு தெரிந்து, அங்கே மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல். 1962 மார்ச்சில் மெரில் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அமெரிக்காவும் முழுக்கத் தப்பவில்லை. அனுமதி கிடைக்கும் முன்பே, சோதனை என்ற பெயரில், அந்த நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் லட்சக்கணக்கான மாத்திரைகளைக் கொடுத்திருந்தது. அவற்றைத் திரும்பத் தேடிப் போனபோது, யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற குறிப்பே பல மருத்துவர்களிடம் இல்லை. கெல்சியின் கடிதங்கள் கட்டுப்படுத்தியது கடை விற்பனையை மட்டும்தான்.

1962 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்குப் பதக்கம் அணிவித்தார். ஒயாமாவுக்கும் கைஸ்மருக்கும் இதில் பங்குண்டு என்று கெல்சி சொல்லிவந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் மாறியது. மௌனத்தையே அனுமதியாக எடுத்துக்கொள்ளும் 60 நாள் ஏற்பாடு ஒழிந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றாயிற்று. கெல்சி 90 வயதில், 2005-ல்தான் ஓய்வு பெற்றார். இடையில் பல ஆண்டுகள் அவர் நடத்தியது, மருந்துச் சோதனை செய்யும் மருத்துவர்களிடமே போய் அவர்களுடைய பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவை. அந்த ஆய்வாளர்களுக்கு விழுந்த பட்டப்பெயர், கெல்சியின் போலீஸ்.