ஐந்தாவது சக்கரம்

தனக்கென்று ஒரு மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்ளாமல் பிரயாணம் புறப்படுகிறவன், வழியில் இன்னொருவனுடைய மாற்றுச் சக்கரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு போகலாமா? "இதிலென்ன தவறு? ஆபத்துக்கு உதவுவதுதானே மனிதத் தன்மை?" என்று நீங்கள் உடனே சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடமலைக்குண்டில் ஒரு மாலைப் பொழுதையும் ஓர் இரவையும் கழித்த பிறகு, அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2023 ஐப்பசியில் நடந்தது இது. வருசநாட்டில் என் சிநேகிதர் ஒருவருடைய மகளுக்கு நிச்சயதாம்பூலம். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மனைவியும் மதுரையிலிருந்து காரில் புறப்பட்டோம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, க.விலக்கில் தெற்கே திரும்பி, கண்டமனூர் வழியாகப் போகும் பாதை. மழைக் காலமானதால் மூல வைகையில் செந்நிறமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்புகளும் இலவ மரங்களும் மாறி மாறி வந்தன. மலைகளின் உச்சியை மேகம் மூடியிருந்தது. மனத்துக்கு மிகவும் ரம்மியமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கடமலைக்குண்டை நெருங்கும்போது எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். சாலை ஓரத்தில் கிடந்த கூரிய கருங்கல்லை நான் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால், இடது பின் டயரின் பக்கவாட்டில் மூன்று விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

என் காரில் ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போதே நான் அதைப் பற்றிக் கேட்டேன். "இப்பல்லாம் அது தேவையே இல்ல சார். சட்டமே மாறிடுச்சு. டிக்கியில எவ்வளவு இடம் இருக்கு பாருங்க!" என்றார் விற்பனை செய்த இளைஞர். அவர் சொன்னது பொய்யல்ல. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், ஓட்டையை அடைக்கும் சாதனமும் இருந்தால், மூன்றரை டன்னுக்கு மேற்படாத பயணிகள் கார்களில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. என் காரில் மூன்றுமே இருந்தன. டிக்கியில் இடமும் தாராளமாகவே இருந்தது.

அந்தச் சாதனத்தை எடுத்தேன். ஒரு குப்பியில் கெட்டியான திரவம், அதை உள்ளே செலுத்த ஒரு சிறு காற்றுப் பம்பு. டயர் தரையில் படுகிற பாகத்தில் ஆணி குத்தினால், இந்தத் திரவம் உள்ளே பரவி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டுக் கிழிசலுக்கு இது பயன்படாது. சக்கரம் சுழலும்தோறும் அந்தப் பக்கச் சுவர் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருப்பதால், அங்கே எந்த ஒட்டும் நிலைப்பதில்லை. ஜாக்கியாவது இருக்கிறதா என்று தேடினேன். மாற்றுச் சக்கரம் இல்லாதவனுக்கு ஜாக்கி எதற்கு என்று அதையும் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

நடந்து போய்ப் பஞ்சர் கடைப் பெரியவரை அழைத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஒட்டுப் போட ஆகாது தம்பி. புது டயருதான். இந்த அளவு இங்க கிடைக்காது, தேனிக்குத்தான் போகணும். ஞாயித்துக்கெழமை இந்நேரம் எவன் கடை தெறந்திருப்பான்?"

"வருசநாட்டுக்குப் போக வேண்டுமே" என்றேன்.

"அதுக்கென்ன, பஸ் வரும்ல" என்றார் அவர்.

இந்த வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் இருந்தது.

பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த இளைஞர் ஒருவர் வந்து சக்கரத்தைப் பார்த்தார். "அண்ணே, எங்க வண்டியும் இதே கம்பெனிதான். பழசு. நாலு போல்ட்டுத்தான், ரிம்மும் ஒரே அளவு. டயர் மட்டும் கொஞ்சம் ஒல்லி. மெதுவாப் போனீகன்னா ஓடிரும். எங்க ஸ்டெப்னிய மாட்டிட்டுப் போங்க. ராத்திரிக்குள்ள கொண்டாந்து குடுத்திருங்க, போதும்" என்றார்.

அரை மணி நேரத்தில் சக்கரம் மாட்டியாகிவிட்டது. பெரியவர் தம் கூலியை வாங்கிக்கொண்டார். இளைஞரிடம் பணத்தை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காரைக் கிளப்பும் நேரத்தில் பெரியவர் ஜன்னலருகே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அவுக அம்மாவுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு தம்பி. வாரத்துல ரெண்டு நாளு க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறான். விடியக்காலையே கெளம்பிருவாக. நாளைக்கும் போகணும். பாத்துக்கங்க."

நான் இறங்கி இளைஞரிடம் போனேன். "உங்களுக்கு வேண்டியதையல்லவா என்னிடம் கொடுத்துவிட்டீர்கள்?" என்றேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "அதான் ராத்திரிக்குள்ள தந்திருவீகள்ல?"

அந்த இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, நாங்கள் பஸ்ஸில் போயிருக்கலாம். போகவில்லை. மனைவியின் பட்டுப் புடவை, பழத் தட்டுகள், இருட்டிக்கொண்டு வந்த வானம் ஆகியவையே காரணங்கள். அவற்றை ஒரு பக்கமும், முன்பின் அறியாத ஒரு தாயின் காலைப் பிரயாணத்தை மறு பக்கமும் வைத்து நான் நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். நிறுத்துப் பார்க்கவே இல்லை. காரை எடுத்தேன், போனேன்.

வருசநாட்டில் நிச்சயதாம்பூலம் சிறப்பாக நடந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. "இந்த மழையிலா போவீர்கள்? படுத்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் போதாதா?" என்றார் சிநேகிதர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ராத்திரிக்குள் என்றால் விடிவதற்குள் என்றுதானே அர்த்தம்? சொல்லுக்குப் பொருள் செய்வது எழுத்தாளனுடைய தொழில். அன்று அந்தத் தொழில் எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. இருட்டில் மனைவியின் குரல் கேட்டது.

"ஓடையில் தண்ணீர் வந்து பாதை அடைபட்டுவிட்டால்?"

"அப்படியெல்லாம் ஆகாது."

சற்று நேரம் கழித்து அவள் மறுபடியும் சொன்னாள்: "அந்த அம்மாள் இந்நேரம் தூங்கியிருப்பாளா?"

எழுந்து விளக்கைப் போட்டேன்.

கடமலைக்குண்டை அடைந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது. இளைஞர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகத்தான் விழித்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. அவருடைய ஜாக்கியாலேயே சக்கரத்தைக் கழற்றி, என் காரைக் கல்லின்மேல் நிறுத்தினோம். எங்களுக்குத் திண்ணையில் ஒரு பாயும் ஒரு கட்டிலும் கிடைத்தன.

விடியற்காலையில் அந்தத் தாய் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, மெல்ல நடந்து வந்தார். காரில் ஏறுவதற்குமுன் எங்களைப் பார்த்து, "ராத்திரி சாப்புட்டீகளா?" என்று கேட்டார். கார் புறப்பட்டுப் போயிற்று. அன்று போகும்போதும் வரும்போதும் அவர்களுடைய சக்கரங்களில் ஒன்றுக்கும் ஒன்றும் நேரவில்லை. ஸ்டெப்னி டிக்கியில் வைத்தபடியே இருந்தது. நான் பஸ்ஸில் தேனிக்குப் போய் டயர் வாங்கி வந்து, பிற்பகலில் ஊர் திரும்பினேன்.

இந்தச் சம்பவத்தைக் கேட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். "அந்தச் சக்கரத்துக்கு அங்கே வேலையே வரவில்லையே! நீர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்" என்றார். அவர் கணக்குத் தெரிந்தவர். டயர் வெடிப்பது அபூர்வம், அந்த அபூர்வத்துக்காக எப்போதும் ஒரு சக்கரத்தைச் சுமப்பது வீண் பாரம், வீண் செலவு என்பது அவர் வாதம். விதியைத் திருத்தியவர்களும், கார் செய்கிறவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த அபூர்வம் நேர்கிற நாளில் அது யார் தலையில் விழும் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. நான் சுமக்க மறுத்த பாரம் மறைந்துவிடவில்லை. அன்று அந்தத் திண்ணையில் ஒருவர் தூங்காமல் உட்கார்ந்து அதைச் சுமந்துகொண்டிருந்தார்.

மோட்டார் கார் பிறந்த காலத்தில் யாரிடமும் மாற்றுச் சக்கரம் இருந்ததில்லை. டயர் போனால் நடுவழியில் உட்கார்ந்து பழுது பார்க்க வேண்டியதுதான். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், காற்றடித்த டயரோடு கூடிய ஒரு மாற்று வளையத்தைச் செய்து, பழுதான சக்கரத்தின்மேல் பூட்டிக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. வேல்ஸிலிருந்து வந்த அந்தத் தெருப் பெயர் கடமலைக்குண்டுப் பஞ்சர் கடையிலும் புழங்குகிறது. நெடுங்காலமாக அந்தச் சக்கரங்கள் பெரும்பாலும் டிக்கியிலேயே சும்மா கிடந்திருக்கின்றன. சும்மா கிடப்பதுதான் அவற்றின் வேலை. அது பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒருவர் இருட்டில் புறப்பட முடிகிறது. அன்று நான் இரவல் வாங்கியது ஒரு சக்கரத்தை மட்டுமல்ல, அந்தத் தைரியத்தையுந்தான்.

அப்படியானால் யாரும் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாதா? அதுவும் சரியாகப்படவில்லை. எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டு, எவர் வாசலையும் மிதிக்காமல் வாழ்வேன் என்பது ஒரு விதமான அகங்காரம். கிராமத்தில் ஏணி ஒரு வீட்டில் இருக்கும், பெரிய அண்டா இன்னொரு வீட்டில் இருக்கும், மருந்து தெளிக்கும் கருவி மூன்றாவது வீட்டில் இருக்கும். ஊர் முழுவதும் கேட்டும் கொடுத்தும் காலம் கழிக்கிறது. இன்று கேட்கிறவர் நாளை கேட்கப்படுவார் என்பதால் அங்கே கேட்பதில் கூச்சமில்லை. ஒன்றுமே இல்லாத ஏழையும் கூச்சமின்றிக் கேட்கலாம். இல்லாமை அவன் தேர்ந்துகொண்டதல்ல.

என் நிலை வேறு. எனக்கு வசதி இருந்தது. டிக்கியில் இடம் வேண்டுமென்று நானாக விட்டுவிட்டேன். நகரத்தில் நாம் இப்படி விட்டுவிட்டது ஸ்டெப்னியை மட்டுந்தானா? விருந்தாளிக்கென்று சுருட்டி வைத்திருந்த பாய், உலையில் கூடுதலாகப் போடுகிற ஒரு பிடி அரிசி, பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிற பொறுப்பு என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டோம். இடம் மிச்சம், செலவு மிச்சம். ஆயினும் நமக்கு ஒரு சங்கடம் வரும்போது, எங்கேயோ ஒருவர் இவற்றையெல்லாம் இன்னும் வைத்திருப்பார் என்று மட்டும் நம்புகிறோம். அவர் இருக்கவும் இருக்கிறார். அந்த நல்ல குணத்தை நம் வரவுப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? கேட்கப்படுகிற இடத்திலும் நிற்கத் தயாராக இருக்கிறவனுக்குத்தான் அந்த உரிமை உண்டு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு ரிம்மும் டயரும் ஜாக்கியும் வாங்கி டிக்கியில் வைத்தேன். பெட்டி வைக்க இடமில்லை என்று என் மனைவி குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மாதம் ஒருமுறை அதற்குக் காற்று சரி பார்க்கிறேன். இதுவரையில் எனக்கு அது தேவைப்படவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

என்றாவது ஒரு நாள், இருட்டுகிற வேளையில், சாலையோரத்தில் ஒருவர் கை காட்டுவார். மறுநாள் விடியற்காலையில் எனக்கும் தவிர்க்க முடியாத ஒரு பிரயாணம் இருக்கும். "ராத்திரிக்குள்ள தந்திருங்க" என்று சொல்லிச் சக்கரத்தை உருட்டிக் கொடுப்பேனா, அல்லது பார்க்காதவன் போல் வேகத்தைக் கூட்டுவேனா? சக்கரம் தயாராக இருக்கிறது. நான் தயாரா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.