கதவுக்கு வெளியே இருப்பவர் கடன்

மதுமிதா இயக்கிய ‘மௌனமே பார்வையாய்’ குறும்படத்தில் பேச்சு மிகக் குறைவு. 2022 ஜனவரியில் வந்த ‘புத்தம் புதுக் காலை விடியாதா’ தொகுப்பில் அதுவும் ஒன்று. நதியாவும் ஜோஜு ஜார்ஜும் ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் தம்பதி. மனைவிக்குக் கொரோனா அறிகுறி தெரிகிறது. மனக்கசப்பால் ஏற்கெனவே விலகியிருந்தவர்கள் இனி நோய்க்காகவும் விலக வேண்டும். அப்படி ஒருவர் ஒதுங்கும்போது மற்றவருக்கு என்ன கடமை?

தனிமைப்படுத்தல் சரியானதே, அதில் விவாதம் வேண்டாம். ஆனால் அறைக்குள் போனவர் பிறர் உயிருக்காகத் தன் சுதந்திரத்தைக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டவர்கள் வெளியே இருக்கிறார்கள். கடன்பட்டவர்கள் அவர்கள்தான்.

2020இல் சென்னைத் தெருக்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. தொற்று வந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சில வீடுகளைத் தகரம் வைத்தே அடைத்தார்கள். பால் போடுபவரும் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் உயிரும் உயிர்தான். ஆனால் வாசலுக்கு வருகிறவர்களிடம் சொன்னால் போதுமே, தெரு முழுக்க ஏன் அறிவிக்க வேண்டும்? நோட்டீஸ் ஒட்டப்பட்டவர்கள் தீண்டத்தகாதவர்கள்போல நடத்தப்படுவதாக உச்ச நீதிமன்றமே அந்த டிசம்பரில் வேதனைப்பட்டது. உரிய அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டாலன்றி ஒட்டக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன் எத்தனை பேர் தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்திருப்பார்கள்! மறைத்த காய்ச்சல் பக்கத்து வீட்டுக்கும் பரவும். அவமானம் நோயைத் தடுக்கவில்லை, ஒளித்துவைத்தது.

படத்துத் தம்பதிக்கு விலகியிருக்க வீட்டில் இடம் இருந்தது. ஒற்றை அறையில் ஐந்து பேர், பொதுக் கழிவறை, தெருக்குழாய் என்று வாழும் குடும்பத்திடம் ‘விலகியிரு, வீட்டிலேயே இரு’ என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அவர்களுக்காகத்தான் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களில் படுக்கைகள் போடப்பட்டன. அந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் படுக்கை கிடைத்தால் மட்டும் போதாது. தினக்கூலிக்குப் போகிறவர் அங்கே படுத்திருக்கும் நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். குணமாகித் திரும்பும்போது பழைய வேலை காத்திருக்க வேண்டும். இவற்றுக்கு உறுதி சொல்லாமல் அவரை ஒதுங்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.