மாமனார் கோபமும் மருமகன் பணிவும்

மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையில் வரும் பிணக்கு உலகத்துக்குப் புதிதல்ல. ஊரில் அதைச் சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். மருமகன் வாசற்படி ஏறினால் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விடுவார். "சாப்பிடச் சொல்லு" என்பார் மகளிடம். "பசியில்லை என்று சொல்லு" என்பார் மருமகன், அதே பெண்ணிடம். இருவருக்கும் நடுவில் இருப்பது நாலு அடி தூரம். லயத்துக் காம்பராவில் அதற்குமேல் விலகி நிற்க இடமும் கிடையாது!

ஆனால் இந்தச் சிரிப்புக்குள் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. பெண்ணைப் பெற்றவருக்கு மருமகன்மீது கோபப்பட உரிமை உண்டா? உண்டென்றால், அந்தக் கோபம் எதுவரை நியாயம், எப்போது ஆணவம்?

கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணத்தின் ஆறாவது காண்டமான தக்க காண்டம் இக்கேள்விக்கு விடை சொல்கிறது. அந்த ஒரே காண்டத்தில் தக்கனும் வருகிறான். நிறைவில் வள்ளியம்மையை வளர்த்த நம்பிராசனும் வருகிறான். இருவருமே மருமகனோடு மோதிய மாமனார்கள். ஆயினும் முடிவு வேறு வேறு.

தக்கன் தன் புதல்வியர் 27 பேரைச் சந்திரனுக்குக் கொடுத்தான். சந்திரன் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்தாமல் உரோகிணியிடம் மட்டுமே மிகுந்த அன்பு வைத்தான். மற்றப் பெண்கள் தந்தையிடம் வந்து அழுதார்கள். இங்கே தக்கனின் கோபம் நியாயமானது. மகளின் கண்ணீரைக் கண்டும் கோபம் வராதவன் தகப்பன் அல்லன். ஆனால் அவன் மருமகனைத் தேய்ந்து அழியும்படி சபித்தான். சந்திரன் அழிந்தால் தாலி இழப்பது யார்? அவனுடைய மகளிர்தாமே! சிவபெருமான் அந்தப் பிறையைத் தம் சடையில் சூடி, தேய்ந்தாலும் மீண்டும் வளர அருளினார். நியாயமான கோபத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்பது இதன் பாடம்.

அடுத்து அவன் மோதியது சிவபெருமானோடு. கயிலைக்குப் போன தக்கனைப் பூதகணங்கள் வாயிலிலேயே மறித்தன. அன்று முதல் அவன் நெஞ்சில் நின்றது மகள் அல்ல; தன் மரியாதை ஒன்றுதான். மருமகனை விலக்கிவிட்டு வேள்வி நடத்தினான். தேடி வந்த மகளையும் அவமதித்தான். வேள்வி வீரபத்திரரால் அழிந்தது. தக்கனுக்கு ஆட்டுத்தலை வந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அவன் தந்த உடலும், அவன் மகள் என்ற பெயரும் வேண்டாம் என்று அம்மை அதைத் துறந்தாளே, அதற்குச் சிரிக்க முடியுமா?

நம்பிராசன் கதை அப்படியல்ல. தினைப்புனம் காத்த வள்ளியோடு முருகப்பெருமான் பேசிக்கொண்டிருக்கையில் நம்பிராசன் வந்தான். பெருமான் வேங்கை மரமாக நின்றார். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் வெட்டப் போனார்கள். நிழலுக்கு ஆகும் என்று தடுத்தவன் நம்பிராசனே! மறுபடியும் வந்தான், பெருமான் கிழவராகித் திருநீறு கொடுத்தார். குமரியாட வந்ததாகச் சொன்னார். குமரி என்பது தீர்த்தம் என்று நினைத்த நம்பிராசன், நீராடிவிட்டு என் மகளுக்கும் துணையாக இரும் என்று சொல்லிச் சென்றான். இதைவிட நகைச்சுவை வேறு உண்டோ!

பின்னர் வள்ளியைக் காணாமல் அவன் படையோடு துரத்தினான். சேவல் கூவியதும் வேடர் எல்லோரும் மாண்டு வீழ்ந்தனர். மருமகன் வென்றுவிட்டார். கதை அத்தோடு முடியவில்லை. பெற்றோர் அறியாமல் கொண்டு செல்வது முறையன்று என்று நாரதர் உணர்த்த, பெருமான் திரும்பி வந்தார். வள்ளியின் வாக்கால் எல்லோரும் உயிர் பெற்று எழுந்தனர். பெருமான் மாமனார் வீட்டுக்கே சென்று, அவன் கையால் வள்ளியை ஏற்றார்.

நம்பிராசன் கோபப்பட்டது தன் பெருமைக்காக அல்ல. மகளைக் காணவில்லையே என்ற பதைப்பினால். ஆதலால் உண்மை தெரிந்ததும் அவன் கோபம் கரைந்தது. மருமகனும் வென்ற பிறகே பணிந்தார். வலியவன் பணிவதே பணிவு. இயலாதவன் பணிவது அச்சம்.

வேடர் குலத்தார் வள்ளியைத் தம் குலமகளாகப் போற்றும் கதிர்காமம் நமது ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது. பதுளை, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களிலிருந்து அடியார்கள் போகும் அந்தத் திருவிழாவில், ஒவ்வோர் இரவும் பெருமான் யானைமீது பேழைக்குள் எழுந்தருளி வள்ளியம்மன் கோயில்வரை சென்று திரும்புகிறார். தேவர் சேனாபதி வேடர்மகள் வாசலுக்கு நாள் தவறாமல் போவதைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்த நாம், நம் வீட்டில் என்ன செய்கிறோம்?

பையன் தோட்டத்தில் பேர் பதிந்தவனா, கொழும்பில் கடையில் நிற்பவனா, எந்தச் சாதி, எத்தனை பவுண் கேட்பான் என்று வரும் பிணக்கில் ஆண்டுக்கணக்காகப் பேசாத வீடுகள் உண்டு. தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக் கதவு திறக்காத பெண்களும் உண்டு. மருமகன் குடித்துவிட்டு மகளை அடித்தால் மாமனார் கோபப்படத்தான் வேண்டும். கேட்காமல் இருப்பதுதான் பாவம். ஆனால் மகள் நிம்மதியாக இருக்கும்போதும் தீராத கோபம் யாருக்காக? அதை ஒவ்வொரு தகப்பனும் தன் நெஞ்சைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மருமகனும், விரும்பிய பெண்ணை அடைந்தால் போதுமா, அவளுக்குப் பிறந்த வீட்டையும் மீட்டுத் தர வேண்டாமா என்று எண்ண வேண்டும்.

மாமனாரும் மருமகனும் ஒரே தட்டில் விபூதி எடுத்துப் பூசும் நாளே அந்தப் பெண்ணுக்குத் திருநாள். அத்தகைய நாள் எல்லா இல்லங்களிலும் மலர வள்ளிமணாளன் திருவருள் புரிவானாக.