மூன்றாம் சுற்று

சனிக்கிழமை. அகத்தீஸ்வரர் கோயிலில் எள் தீபப் புகை. எங்கள் பொழிச்சலூர்க் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனி ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 30 ஆண்டு. முதல் சுற்று மங்கு சனி, அடுத்தது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி என்று அம்மா விரல்விட்டு எண்ணுவாள். வயதுக்கு வயது பயம் வேறு என்பதைப் பெரியவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

*

2015 டிசம்பர் 1 இரவு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று சுற்றும் எங்கள் வீட்டிலேயே இருந்தன.

இருபது வயது மகன் நண்பர்களோடு ஆறு பார்க்கப் போனான். மின்சாரம் இல்லை. முழங்கால் தண்ணீரில் சாக்கடை எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாத தெரு. ஐம்பதைத் தாண்டிய நான் வீட்டுப் பத்திரத்தையும் அவன் சான்றிதழ்களையும் பாலிதீன் பையில் கட்டிப் பரணில் ஏற்றினேன்.

அம்மா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. "நான் எங்கயும் வரலடா. நீங்க போங்க."

கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, எதிர்வீட்டு மாடியில் சேர்த்தோம்.

*

அவள் மறுத்ததைத் துணிச்சல் என்றே பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். உயிர்மேல் ஆசை விட்டுப்போன வயது என்று நினைத்தேன். தவறு.

பக்கத்திலிருக்கும் விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்தது. தலைக்கு மேல் சத்தமே இல்லாத அந்த நாட்களில், மாடிவீட்டில் அம்மா அரை தம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. தாகமில்லை என்றாள். ஊரெல்லாம் வெள்ளம்; அவள் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்தால் ராத்திரியில் எழ வேண்டும். தெரியாத வீட்டின் இருட்டில், யாரையாவது எழுப்பி, கை பிடித்துக் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஆற்றைவிட அதற்குத்தான் அஞ்சியிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்தும் எனக்குப் புரியவில்லை.

*

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மகனுக்கு இப்போது குழந்தை இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பது அவனுக்கு மனப்பாடம். மணிக்கொரு தரம் நீர்மட்டம் பார்க்கிறான். "அப்பா, கிளம்புங்க" என்றான்.

"நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது.

*

இன்று கோயில் படி இறங்கும்போது கை தானாகச் சுவரைத் தேடியது. அம்மா இல்லை. அவளிடம் கேட்டிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், எச்சரிக்கை வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில் அழைத்துப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் கழிப்பறையைக் காட்டிவிடுங்கள். பிறகு தண்ணீர் கொடுங்கள்.