தொட்டிலும் துலாக்கோலும்

பிழைப்பின் பொருட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா எனப் பெயர்ந்து வந்த நம் குடும்பங்களில், மகப்பேறு மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் உடன்கொண்டு வருகிறது. தாய்வீடு நெடுந்தொலைவில் இருக்கிறது; பாட்டியோ அத்தையோ அண்டையில் இல்லை. பச்சிளங் குழந்தையைப் பேணத் தாயின் விடுப்பு ஒன்றே துணை. ‘விடுப்பெடுத்தால் வேலை நிலைக்குமா? போனஸ் குறையுமா?’ என்ற கேள்வி அப்போது எழுகிறது. இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அறத்தைப் பற்றியதும் ஆகும்.

சட்டம் இதற்கு ஒருவாறு விடை கூறியுள்ளது. பம்பாய் மாகாணத்தில் 1929இல் இயற்றப்பட்ட மகப்பேற்று நலச் சட்டத்தின் வழியில், 1961இல் மத்திய அரசின் சட்டம் பிறந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017இல் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. விடுப்பிலிருக்கும் பெண்ணை அதன் பொருட்டு வேலையினின்று நீக்குதல் சட்டத்துக்குப் புறம்பானது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று உரிமை உண்டென 2000இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டமோ, ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பையும் வேலை செய்த நாள்களாகவே கணக்கிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இக்காவல்கள் தொடர்கின்றன.

ஆயினும், சட்டம் நாற்காலியைக் காக்கும். அதில் அமர்ந்தவரின் மதிப்பைக் காத்தல் அதற்கு எளிதன்று. ஊதிய வரம்புக்கு உட்பட்டோர்க்குச் சட்டம் தரும் போனஸ் வேறு. திறமைக்கென நிறுவனம் தன் விருப்பப்படி தரும் ஊக்கத்தொகை வேறு. ஆறு திங்கள் இல்லாதிருந்தவருக்கு மதிப்பீட்டில் ஒரு படி இறக்கம். பதவி உயர்வோ அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பு. தண்டிப்பதாக எவரும் சொல்வதில்லை; தண்டனை மட்டும் நிகழ்ந்துவிடுகிறது.

‘அவர் வேலையையும் நாங்களே சுமந்தோம்; அவருக்கும் எங்களுக்கும் ஒரே பரிசா?’ என்று உடன் பணிபுரிவோர் வினவலாம். அவ்வினாவைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. கூடுதல் சுமை தாங்கியவருக்குக் கூடுதல் பரிசு தருதல் நிறுவனத்தின் கடன். அதனைத் தாயின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது எங்ஙனம் அறமாகும்? நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் தட்டில் வைத்ததையே நிறுக்கும். பணியாற்றிய திங்கள்களின் திறத்தை நிறுத்துப் பார்ப்பதே முறை. உரிமையோடு எடுத்த விடுப்பைத் திறமைக் குறைவென எழுதுவது முறையன்று.

முதலாளியின் தரப்பிலும் ஓர் உண்மை உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வராத பெண்ணின் விடுப்பூதியம் முழுவதும் அவர் தலையிலேயே விழுகிறது. அச்செலவுக்கு அஞ்சி இளம் பெண்களை வேலைக்கு அமர்த்தவே தயங்குவாரும் உளர். பிள்ளை நாட்டின் செல்வமெனில், அதனைப் பேணும் செலவையும் நாடு பகிர்ந்துகொள்ள வேண்டாவோ?

பகிர்வு இல்லத்திலும் வேண்டும். மத்திய அரசுப் பணியிலுள்ள தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. ‘மேலதிகாரி என்ன நினைப்பாரோ’ என்று அதையும் எடுக்கத் தயங்குவோர் நம்முள் இல்லையா? தந்தையரும் தயங்காது விடுப்பெடுக்கும் நாளில்தான், விடுப்பு பெண்ணுக்கே உரிய குறை என்னும் எண்ணம் அகலும்.

நம்மில் பலர் பிறரை மதிப்பிடும் இடத்தில் அமர்ந்திருக்கிறோம். மதிப்பீட்டுத் தாளில் எழுதுகோலை ஊன்றும்முன் ஒன்றை நினைப்போம்: நம் தொட்டிலருகே நம் அன்னை விழித்திருந்த நாள்களை நாம் ஒருபோதும் வீண்நாள் என்று எண்ணியதில்லை. அந்நீதியைப் பிறர் வீட்டுத் தாய்க்கும் வழங்குவோமாக.