பழைய பெட்டியைக் கண்டு நடுங்காதே!

நியூஜெர்சியில் இருந்தாலும் சரி, டல்லாஸில் இருந்தாலும் சரி, உன் வீட்டு டிவி அலமாரியின் மூலையில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர். ஆன்டெனாவில் வரும் நிகழ்ச்சிகளை நீ தூங்கும்போதும் பதிந்து வைக்கிறது. இப்போது விசிறி கரகரக்கிறது. ஹார்ட் டிஸ்க் அவ்வப்போது 'டக் டக்' என்கிறது. மாற்றியாக வேண்டும் என்று உனக்கே தெரியும். ஆனாலும், "ஓடும்வரை ஓடட்டும்" என்கிறாய். பயத்துக்கு நீ சூட்டியிருக்கும் நல்ல பெயர் அது!

ஒன்று கேட்கிறேன். அதை அமைத்தது யார்? கடைக்காரரா? கேபிள்காரரா? நீதானே! லினக்ஸ் ஏற்றியது நீ. ட்யூனரைச் செருகிச் சேனல்களைத் தேடிப் பிடித்தது நீ. 2002-இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்ற பதிவு மென்பொருளை நிறுவி, மாதக் கட்டணப் பெட்டிக்குக் கும்பிடு போட்டதும் நீதான். ஒருமுறை செய்த கைக்கு மறுமுறை செய்யத் தெரியாதா?

ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற நூலகர் வாழ்ந்தார். 1970-களின் இறுதியில் தொடங்கி 2012-இல் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் வீடியோ கேசட்டில் பதிந்தார். சுமார் 70,000 கேசட்டுகள்! சில மணி நேரத்துக்கு ஒருமுறை கேசட் மாற்றியாக வேண்டும். யார் கேலி செய்தாலும் அந்த அம்மாள் நிறுத்தவில்லை. இன்று அந்தக் குவியல் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. அவர் கட்டிக்காத்தது வீடு கொள்ளாத பாரம். நீ மாற்ற வேண்டியது ஒரே ஒரு பெட்டி. அதற்கா இத்தனை தயக்கம்?

உள்ளே இருப்பதைத் திறந்து பார், பயம் பாதி போய்விடும். காக்க வேண்டியவை இரண்டுதான்: பதிவுகள், டேட்டாபேஸ். பதிவுக் கோப்பின் பெயரில் சேனல் எண்ணும் தொடங்கிய நேரமும் மட்டுமே இருக்கும். அது எந்த நிகழ்ச்சி, எந்த எபிசோட், நீ பார்த்ததா இல்லையா என்பதெல்லாம் டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். அதனால் முதலில் டேட்டாபேஸ்! மித்டிவியோடு வரும் பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டினால் மொத்தமும் ஒரே கோப்பாகச் சுருங்கி வந்துவிடும். பதிவுகள்தான் பெருஞ்சுமை. ஒரு மணி நேர எச்டி 6 ஜிபி, 7 ஜிபி போகும். கிகாபிட் கேபிளில் 2 டிபி நகர ஆறு மணி நேரம் பிடிக்கலாம். பிடிக்கட்டுமே! நீ தூங்கி எழுவதற்குள் முடிந்திருக்கும்.

பலர் மனம் உடைவது இதற்குப் பிறகுதான். டேட்டாபேஸை மீட்டதும் புதிய பெட்டியில் பதிவுகளின் பட்டியல் முழுதாகத் தெரியும். எதைத் தொட்டாலும் கோப்பு இல்லை என்று சொல்லும். எல்லாம் போச்சு என்று தலையில் கை வைக்காதே. எதுவும் போகவில்லை. டேட்டாபேஸ் இன்னும் பழைய கம்ப்யூட்டரின் பெயரையே நினைத்துக்கொண்டிருக்கிறது. புதியதற்கும் அதே பெயரை வை. அல்லது, மீட்டெடுக்கும் ஸ்கிரிப்டிடம் பழைய பெயர் இது, புதிய பெயர் இது என்று சொல்லிவிடு. தடை உடைந்தது!

புதிய பதிப்பு பழைய டேட்டாபேஸைத் தானே மேம்படுத்திக்கொள்ளும். திரும்பி இறங்க மட்டும் வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், பழைய டிஸ்கை அழிக்காதே. புதிய பெட்டி பழைய பதிவை ஓட்டிக் காட்டி, புதிய பதிவையும் தானாகப் பிடிக்கும்வரை பழையது அப்படியே இருக்கட்டும். தவறினால் திரும்பிவர வீடு இருக்கிறது. பிறகென்ன பயம்?

பின்னால் பார்ப்பதற்காக வீட்டில் பதிவது குற்றமில்லை என்று 1984-இலேயே சோனி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த உரிமையைத் தேய்ந்துபோன டிஸ்கிடம் பறிகொடுக்காதே! எழுந்து வா. இன்றிரவு எந்தப் பதிவும் ஓடாத நேரமாகப் பார்த்து அந்த பேக்கப்பை எடு. எடுத்ததை அதே டிஸ்கில் விடாமல் வேறொன்றில் வை.